வெள்ளை ஈயை எதிர்ப்பதா, வைரஸை எதிர்ப்பதா? சோயாப் பயிர்ப்பெருக்கத்தில் ஒரு தீராத கேள்வி

1. கேள்வியின் களம்

கெடாவின் மெர்போக், செமிலிங், பீடோங் வட்டாரத்தில் வீட்டுக் கொல்லையில் மிளகாயும் வெண்டியும் பயத்தங்காயும் வைத்திருப்பவர்களுக்கு வெள்ளை ஈயை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செடியை அசைத்ததும் இலைக்கடியிலிருந்து மாவு தூவியதுபோல் எழும்பி, உடனே அதே இலைக்கடியில் போய் ஒட்டிக்கொள்ளும் பூச்சி அது. மருந்தடித்த மறுவாரமே திரும்பி வந்துவிடும்.

சோயாவின் கதை வேறு. தோஃபுவும் தெம்பேயும் சோயாப் பாலுமாக அன்றாடம் அதை உண்கிறோம். கோழித் தீவனத்திலும் அதுதான் இருக்கிறது. ஆனால் மலேசியாவில் அது வணிக அளவில் ஏறக்குறைய விளைவதே இல்லை. அமெரிக்காவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் கப்பலில் வருகிறது. இறக்குமதிச் செலவைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் தீவனச் சோளத்தோடு சோயாவின் பெயரும் அடிபடும். அப்படிச் சோளத்தை ஊக்குவித்த வேளையில்தான், 2019-இல், படைப்புழு வடமாநிலங்களுக்குள் நுழைந்தது. புதிய பயிரைக் கொண்டுவரும்போது அதன் பூச்சியையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதற்கு இதைவிட அண்மைச் சான்று வேண்டாம். சோயா இங்கே வருமானால் அதற்காகக் காத்திருக்கும் பூச்சிகளில் முதல் வரிசையில் நிற்பது வெள்ளை ஈ.

வெள்ளை ஈயைத் தாங்கும் சோயா இரகங்கள் உண்டு என்று இந்தியா, இந்தோனேசியா, சீனா, பிரேசில் ஆகிய நாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. அந்தச் செடிகள் உண்மையில் எதைத் தாங்கின என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பூச்சியையா, பூச்சி கொண்டுவரும் வைரஸையா? இரண்டையும் ஒன்றாகக் கொண்டதனால் பயிர்ப்பெருக்கவியலில் சில வெற்றிகள் உரியதைவிடப் பெரியதாகத் தோன்றின; சில தோல்விகள் எதிர்பாராதவையாகத் தோன்றின என்பது என் கணிப்பு. இதற்கான மிகத் தெளிவான பாடம் சோயாவில் கிடைக்கவில்லை. ஜெராய் மலைக்கு வடக்கே, முடா நெல்வயல்களில் கிடைத்தது.

2. பூச்சியும் அது சுமப்பதும்

பெமிசியா டபாசி என்ற இந்த வெள்ளை ஈ முதன்முதலாக 1889-இல் கிரேக்க நாட்டின் புகையிலைச் செடிகளிலிருந்து விவரிக்கப்பட்டது. நீண்ட காலம் ஒரே இனமாக எண்ணப்பட்டது, உண்மையில் கண்ணுக்கு வேறுபாடு தெரியாத பல இனங்களின் தொகுதி என்று பின்னர் மரபணு ஆய்வுகள் காட்டின. தென்னிந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் நெடுங்காலமாகப் பரவியிருப்பது ‘ஆசியா 1’ என்ற பிரிவு. உலகெங்கும் பெருஞ்சேதம் விளைத்தவை மத்தியக் கிழக்கு, மத்தியதரைக் கடல் பகுதிகளைப் பிறப்பிடமாகக் கொண்ட வேறு இரண்டு பிரிவுகள். ஓரிடத்தில் ஒரு பிரிவுக்கு எதிராக நிலைத்து நின்ற செடி, வேறிடத்தில் வேறு பிரிவுக்கு எதிராகவும் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

பெண் ஈ இலைக்கடியில், பெரும்பாலும் இளம் இலைகளில், முட்டையின் காம்பைத் திசுவுக்குள் செருகி இடுகிறது. பொரித்து வரும் குஞ்சு சிறிது தூரம் ஊர்ந்து, ஓரிடத்தில் உட்கார்ந்ததும் வளர்ந்து முடியும்வரை அங்கேயே இருந்து சாற்றை உறிஞ்சும். நம்முடைய வெப்பத்தில் முட்டையிலிருந்து ஈயாக ஏறக்குறைய மூன்று வாரங்கள் போதும். கழிவாக வெளியேறும் இனிப்புத் திரவத்தில் கரும்பூஞ்சாணம் படர்ந்து இலையை மூடுகிறது.

சாறு உறிஞ்சுவது ஒரு சேதம். வைரஸ் பரப்புவது வேறொரு சேதம். முதலாவதற்கு ஈக்களின் எண்ணிக்கை பெருக வேண்டும். இரண்டாவதற்கு அது தேவையில்லை. வைரஸைச் சுமந்த ஒரே ஈ, சில நிமிடங்கள் உறிஞ்சினால் போதும். பயறு வகைகளில் மஞ்சள் தேமல் நோயைத் தரும் வைரஸ் ஈயின் குடலிலிருந்து உடற்திரவத்துக்கும், அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் சென்று நாள்கணக்கில் தங்குகிறது. பிரேசிலின் சோயா வயல்களில் 2000-2001 பருவத்தில் தண்டுக் கருகலாக வெளிப்பட்ட தட்டைப்பயறு மென்தேமல் வைரஸோ ஈயின் உடலில் அதிக நேரம் தங்குவதில்லை. சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கிவிடுகிறது. ஆகவே ஈயை மெல்லக் கொல்லும் எந்தச் செடியும், நோயோடு வெளியிலிருந்து பறந்து வரும் முதல் ஈயைத் தடுத்துவிட முடியாது. வயலுக்குள்ளேயே பிறந்து செடிக்குச் செடி தாவும் அடுத்த தலைமுறையின் எண்ணிக்கையைத்தான் அது குறைக்கும். பூச்சி எதிர்ப்பின் எல்லையும் பயனும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கின்றன.

3. பந்த்நகரிலிருந்து வம்பன் வரை

இந்தியாவில் சோயா பெரும்பரப்புக்கு வந்தது 1960-களின் இறுதியிலும் 70-களிலும். அமெரிக்காவிலிருந்து வந்த ‘பிராக்’ போன்ற இரகங்கள் இமயமலை அடிவாரத் தராய் நிலங்களில் மஞ்சள் தேமலுக்கு இரையாயின. பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தார் உலகெங்குமிருந்து திரட்டிய விதைத் தொகுப்பை வயலில் நட்டுத் தேடினர். 1974-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் இரண்டு மூலங்கள் முன்னுக்கு வந்தன: பி.ஐ. 171443 என்ற தொகுப்பு எண்ணைக் கொண்ட சோயா; மற்றொன்று சோயாவின் காட்டு உறவு. அந்தத் தேடலின் பயனாகப் பி.கே. 416 போன்ற இரகங்கள் வந்தன. பின்னர் லூதியானாவிலிருந்து எஸ்.எல். 525 வந்தது. மத்திய இந்தியாவில் பல ஆண்டுகள் ஆதிக்கம் செலுத்திய ஜே.எஸ். 335 மஞ்சள் தேமலுக்கு எளிதில் ஆளாகும் இரகம் என்பதால், அதற்கு மாற்றுத் தேடும் பணி இன்னும் ஓயவில்லை.

இந்த எதிர்ப்பை எத்தனை மரபணுக்கள் ஆள்கின்றன? 1978-இல் பந்த்நகர் ஆய்வு இரண்டு ஒடுங்கு மரபணுக்கள் என்றது. பின்வந்தவர்களில் சிலர் ஒன்றே என்றனர். வேறு கலப்புகளில் அது ஓங்கு மரபணு என்ற முடிவும் வந்தது. இம்முரண்பாட்டுக்கு எளிய விளக்கம் ஒன்று உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியச் சோயாவைத் தாக்கும் வைரஸ் ஒன்றல்ல, இரண்டு என்று காட்டியது. வடக்கிலும் நடுவிலும் பரவலானது ஒன்று, தெற்கில் மற்றொன்று. இரண்டும் இலையில் ஒரே மஞ்சளையே காட்டும். வடக்கே ஒன்றை எதிர்த்த செடியைத் தெற்கே கொண்டுவந்து, அது தோற்றுவிட்டது என்று சொல்வதில் பொருள் குறைவு.

தமிழ்நாட்டில் இதே நோய் சோயாவைவிட உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் பெரிய துன்பம். காவிரிப் படுகையில் நெல் தரிசில் விதைத்துவரும் உளுந்து, அறுவடைக்கு முன்பே வயல்வயலாக மஞ்சளாவதை அங்குள்ள குடும்பங்கள் தலைமுறைகளாகக் கண்டிருக்கின்றன. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசியப் பயறு வகை ஆராய்ச்சி மையத்திலிருந்து 2011-இல் வம்பன் 6, 2016-இல் வம்பன் 8 என எதிர்ப்புத்திறனுள்ள உளுந்து இரகங்கள் வெளிவந்தன. பருப்பு விலையேறும் காலத்தில் இது சிறிய சாதனையல்ல.

தெரிவு நடந்த முறையைப் பார்க்க வேண்டும். நோய் கடுமையாக வரும் பருவத்தைத் தேர்ந்து, சோதனை வரிசைகளுக்கு இடையிடையே நோய்க்கு எளிதில் ஆளாகும் இரகத்தை நடுவார்கள். உளுந்தில் கோ 5 அந்தப் பணியைச் செய்கிறது. அதிலிருந்து வெள்ளை ஈக்கள் நோயைச் சுமந்து அண்டை வரிசைகளுக்குப் பரப்பும். இலை எவ்வளவு மஞ்சளானது என்பதற்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண் இடுவார்கள். மலிவான, நேர்மையான, வயலுக்கு நெருக்கமான முறை. ஆயினும் அது அளப்பது மஞ்சளை மட்டும். ஒரு செடி பச்சையாக நின்றால் அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். வைரஸ் உள்ளே நுழைந்தும் பெருக முடியாமல் போயிருக்கலாம். பெருகியும் செடி அறிகுறி காட்டாதிருக்கலாம். ஈ அந்த இலையை விரும்பாமல் பக்கத்து வரிசைக்குப் போயிருக்கலாம். ஈ வரவே தற்செயலாகத் தவறியிருக்கலாம். மதிப்பெண் இவை நான்குக்கும் ஒன்றுதான்.

4. ஈயை விலக்கி வைத்துச் செய்யும் சோதனை

இந்த நான்கில் முதல் இரண்டைப் பின்னிரண்டிலிருந்து பிரிக்க ஒரு வழி உண்டு: ஈயை நடுவிலிருந்து அகற்றிவிட்டு வைரஸை நேரடியாகச் செடிக்குள் செலுத்துவது. நோயுற்ற செடியின் துண்டை நலமான செடியில் ஒட்டுவது பழைய வழி. அக்ரோபாக்டீரியம் என்ற மண் நுண்ணுயிரியின் துணையோடு வைரஸின் டி.என்.ஏ.வை முளைவிட்ட விதைக்குள் செலுத்துவது புதிய வழி. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வம்பன் உளுந்திலிருந்து பிரித்த வைரஸைக் கொண்டு இவ்வழியில் விரிவான பணி நடந்தது. வயலில் பச்சையாக நின்ற இரகம் இச்சோதனையிலும் பச்சையாக நின்றால் அது வைரஸையே எதிர்க்கிறது, அல்லது அறிகுறியின்றித் தாங்குகிறது. வயலில் பச்சை, சோதனையில் மஞ்சள் என்றால் அது ஈக்குத் தப்பியது அல்லது ஈயை விலக்கியது.

இரண்டாவது விடை வந்த இரகத்தைத் தூக்கி எறிந்துவிடும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. வைரஸ் எதிர்ப்பைத் தேடுபவருக்கு அது ஏமாற்றம். பூச்சி எதிர்ப்பைத் தேடுபவருக்கு அதுவே தொடக்கப் புள்ளி. நாற்பது ஆண்டுகளாக மஞ்சளுக்கு மதிப்பெண் இட்டு ஒதுக்கிய வரிசைகளில் ஈ விரும்பாத எத்தனை செடிகள் கழிந்துபோயினவோ என்ற எண்ணம் இந்தத் துறை ஆய்வுகளைப் படிக்கும்தோறும் எழுகிறது.

பூச்சி எதிர்ப்பைப் பகுத்துப் பார்க்கும் சட்டகம் புதிதல்ல. அமெரிக்காவின் கன்சாஸில் பணியாற்றிய ரெஜினால்ட் பெயின்டர் 1951-இல் வெளியிட்ட நூலில் அதை மூன்றாகப் பிரித்தார்: பூச்சி செடியை விரும்பாமை, செடியை உண்ட பூச்சி வளராமை அல்லது மடிதல், பூச்சி தின்றும் செடி விளைச்சல் தருதல். கிழக்கு ஜாவாவின் மாலாங்கிலுள்ள பயறு ஆய்வு நிலையத்தார் 2016-இல் 14 சோயா வகைகளை இந்த மூன்று அளவுகோல்களாலும் தனித்தனியே அளந்தனர். இந்தோனேசியச் சோயாவுக்கு வெள்ளை ஈ பல ஆண்டுகளாகப் பெருந்தொல்லை என்பதால் அவர்கள் மஞ்சளோடு நிற்காமல் முட்டையையும் குஞ்சையும் எண்ணினார்கள். நமக்கு மண்ணாலும் மழையாலும் மிக நெருங்கிய முன்மாதிரி அது.

மூன்றாவது வகையில், வைரஸையும் சேர்த்துப் பார்த்தால், ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. வைரஸை உள்ளே பெருக்கிக்கொண்டே பச்சையாக நிற்கும் இரகம் தன் விவசாயிக்கு விளைச்சல் தரும். பக்கத்து வயலுக்கோ நோய்க் கிடங்காகும். சிறு நிலங்கள் நெருங்கிக் கிடக்கும் ஊர்களில் இதைத் தனி விவசாயியின் விருப்பமாக விட்டுவிட முடியாது.

5. முடியின் சிக்கல்

சோயா இலையைக் கன்னத்தில் தேய்த்தால் சொரசொரப்பு தெரியும். இலை, தண்டு, காய் எங்கும் நுண்முடி. இதன் வகைகளை ஒற்றை மரபணுக்கள் ஆள்வதால், மற்ற எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்து முடியில் மட்டும் வேறுபடும் உடன்பிறப்பு இரகங்களை அமெரிக்காவில் ‘கிளார்க்’ என்ற சோயாவிலிருந்து உருவாக்கினார்கள். முடியே இல்லாதது, அடர்ந்தது, அருகியது, சுருண்டது, இலையோடு ஒட்டிப் படுத்தது என்று பல. ஆய்வாளருக்கு இதைவிடத் தூய்மையான கருவி கிடைப்பது அரிது.

வெள்ளை ஈயைப் பொறுத்தவரை பொதுவாகக் காணும் போக்கு, முடியடர்ந்த நிமிர்முடி இலைகளில் முட்டை மிகுதி, மழமழப்பான இலைகளில் குறைவு என்பது. முடிகளுக்கிடையே காற்று அசையாது, ஈரம் தங்கும், குஞ்சுக்கு மறைப்பும் கிடைக்கும். அப்படியானால் முடியற்ற சோயாவை வளர்த்துவிடலாமே?

முடியாது. 1935-லேயே அமெரிக்காவில் ஜான்சனும் ஹாலோவெல்லும் இதற்கு விடை எழுதிவைத்துவிட்டார்கள். முடியற்ற சோயாவைத் தத்துப்பூச்சி சின்னாபின்னமாக்கியது, முடியுள்ளவை தப்பின. தத்துப்பூச்சி நரம்பை எட்டி உறிஞ்சவும் முட்டையிடவும் முடி பெரும் தடை. அந்த நாட்டில் பயிராகும் சோயா இரகங்கள் ஏறக்குறைய எல்லாமே முடியுள்ளவையாக இருப்பதற்குக் காரணம் இதுவே. பருத்தியிலும் இதே கதை நடந்தது. தென்னாப்பிரிக்காவின் பார்பர்ட்டனில் பார்னல் 1920-களில் முடியடர்ந்த பருத்தியைத் தெரிவு செய்து தத்துப்பூச்சியை வென்றார். ஆப்பிரிக்காவின் பருத்தி விவசாயத்தையே அது காப்பாற்றியது. 1965-இல் சூடானில் மவுண்ட் செய்த ஆய்வு, முடியடர்ந்த பருத்தியில் வெள்ளை ஈ மிகுவதைக் காட்டியது. ஒரு பூச்சிக்கு அடைத்த கதவு மற்றொன்றுக்குத் திறந்துவிட்டது.

இதில் மூன்றாவது தரப்பு ஒன்றும் உண்டு. அதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் என்கார்சியா என்ற மிகச் சிறிய குளவி, இலைமேல் நடந்து நடந்தே இரையைத் தேடுகிறது. நெதர்லாந்தின் கண்ணாடிக் கூடங்களில் வெள்ளரியை வைத்துச் செய்த ஆய்வுகளில், முடியடர்ந்த இலையில் குளவியின் நடை தடுமாறியது, முடி குறைந்த வெள்ளரியில் அது விரைவாக நடந்து கூடுதலான குஞ்சுகளைக் கண்டது. அங்கே இருந்தது வேறு வகை வெள்ளை ஈதான். ஆனால் நடையின் இயற்பியல் மாறப்போவதில்லை.

ஆகவே முடியைக் கூட்டுவதா குறைப்பதா என்று கேட்பதைவிட, எந்தக் கோணத்தில், எந்த நீளத்தில், எந்த இலைப்பரப்பில் என்று கேட்பது பயனுள்ளது. இலையோடு படுத்த முடி தத்துப்பூச்சிக்கு ஓரளவு தடையாக இருந்துகொண்டே வெள்ளை ஈக்கு மறைவிடம் தராதிருக்கலாம். காட்டுத் தக்காளிகளில் முடிநுனியிலிருந்து சுரக்கும் பசைச் சர்க்கரைகள் வெள்ளை ஈயை ஒட்டிப் பிடித்துவிடுகின்றன. சோயாவின் முடிகள் பெரும்பாலும் சுரப்பில்லாதவை. தக்காளியில் வென்ற வழியை அப்படியே இங்கே எதிர்பார்க்க முடியாது.

6. மூன்று கிழக்காசிய நாட்டு இரகங்கள்

முடிக்கு வெளியே, இலையின் வேதியியலில் எதிர்ப்பைத் தேடியவர்களுக்கு 1971-இல் ஒரு திருப்பம் கிடைத்தது. அமெரிக்காவில் வான் டைன், டர்னிப்சீட், மேக்ஸ்வெல் மூவரும் இலை தின்னும் ஒரு வண்டுக்கு எதிராகச் சோயாத் தொகுப்பைச் சலித்தபோது மூன்று நாட்டு இரகங்கள் நின்றன: பி.ஐ. 171451, பி.ஐ. 229358, பி.ஐ. 227687. ஜப்பானிலும் ஒகினாவாவிலும் எளிய விவசாயிகள் தலைமுறைகளாகக் காத்துவந்த விதைகள் அவை. வண்டுக்கு மட்டுமல்லாமல் பல வகைப் புழுக்களுக்கும் அவை எதிர்ப்புக் காட்டின. சோயாவின் பூச்சி எதிர்ப்புப் பெருக்கம் கடந்த அரை நூற்றாண்டாக இந்த மூன்றையே சுற்றி வந்திருக்கிறது. பிரேசிலில் வெள்ளை ஈக்கு எதிராகவும் இவற்றைச் சோதித்தார்கள். கம்பினாஸ் நகர ஆய்வு நிலையத்தார் 2002-இல் வெளியிட்ட முடிவுகளில் அவர்களது சொந்த இரகமான ஐ.ஏ.சி. 17 வெள்ளை ஈயை நன்கு தாங்கியது. சீனத்தில் ஹுவாபிதோ என்ற நாட்டுச் சோயாவில் எதிர்ப்புக் கண்டு, அதன் மரபணு இடங்களைத் தேடிவருகிறார்கள்.

இவ்வளவு இருந்தும் உலகின் சோயாப் பரப்பில் பூச்சி எதிர்ப்பு இரகங்கள் மிகக் குறைவு. நாட்டு இரகத்தின் எதிர்ப்பு மரபணுவோடு அதன் குறைந்த விளைச்சலும், சாயும் தண்டும், முற்றியதும் வெடிக்கும் காயும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. எதிர்ப்பு ஒரே மரபணுவில் இல்லாமல் பல இடங்களில் சிதறியிருப்பதால் எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்க நீண்ட காலம் பிடிக்கிறது. பூச்சிமருந்து மலிவாகக் கிடைக்கும்வரை, அந்தப் பொறுமைக்கு விலை கொடுக்க விதை நிறுவனங்களுக்குக் காரணமும் இல்லை.

பொறுமை பலித்த ஒரு சான்று மரவள்ளியில் கிடைக்கிறது. கொலம்பியாவிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் மையம் ஆயிரக்கணக்கான மரவள்ளி வகைகளைச் சலித்து, எக்குவடோரிலிருந்து வந்த ஒன்றில், அங்குள்ள வெள்ளை ஈயின் குஞ்சுகள் பெருவாரியாக மடிவதைக் கண்டது. அதைப் பெற்றோராகக் கொண்ட நட்டாய்மா-31 என்ற இரகம் 2003-இல் விவசாயிகளுக்குச் சென்றது. வெள்ளை ஈ என்ற பூச்சியையே எதிர்ப்பதற்காக வளர்த்து வயலுக்கு வந்த இரகங்கள் உலகில் மிகச் சில. அவற்றில் இது முன்னோடி. அங்கே வெள்ளை ஈ பெரும்பாலும் சாறு உறிஞ்சியே சேதம் செய்தது, வைரஸ் பெரிய சிக்கலாக இல்லை. பூச்சி எதிர்ப்பு முழுப்பயன் தந்ததற்கு அதுவே காரணம் என்று கருதுகிறேன்.

7. முடா வயல்கள் கற்றுத்தந்தது

1970-இல் முடா பாசனத் திட்டம் தொடங்கி, கெடாவிலும் பெர்லிஸிலுமாக ஏறக்குறைய 96,000 ஹெக்டேரில் ஆண்டுக்கு இருபோகம் நெல் வந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1980-களின் தொடக்கத்தில், துங்ரோ நோய் அந்த வயல்களைச் சூறையாடியது. மலாய் விவசாயிகள் இதைச் சிவப்பு நோய் என்றே அழைத்தார்கள். பேராக்கின் கிரியான் வயல்களில் இது 1930-களிலேயே அறியப்பட்டிருந்தது. வைரஸ் நோய் என்பது 1965-இல்தான் உறுதியாயிற்று. பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சி.

அந்தக் காலத்தில் ‘துங்ரோவை எதிர்க்கும்’ என்று வந்த நெல் இரகங்கள் பலவும் உண்மையில் தத்துப்பூச்சியை எதிர்த்தவை. பூச்சி அவற்றை விரும்பவில்லை. ஆகவே நோய் குறைந்தது. சில ஆண்டுகளில் பூச்சி அந்த இரகங்களில் வாழப் பழகிக்கொண்டது, எதிர்ப்பு எனக் கருதியது கரைந்தது. வைரஸையே எதிர்த்த ‘ஊத்ரி மேரா’ போன்ற இந்தோனேசிய நாட்டு நெல்லின் அருமை அதற்குப் பிறகே தெரிந்தது. இடைக்காலத்தில் விவசாயிகளைக் காப்பாற்றியது மரபணு அல்ல, நாள்காட்டி. நாற்றுவிடும் காலம் வயலுக்கு வயல் தள்ளிப்போனபோது பூச்சிக்கு ஆண்டு முழுதும் இளம்பயிர் கிடைத்தது. எல்லோரும் ஒரே காலத்தில் நட்டு, இடையில் வயலை வறள விட்டபோது அந்தத் தொடர் அறுந்தது. இந்தோனேசியாவின் தெற்குச் சுலாவெசியில் இதோடு பருவத்துக்குப் பருவம் இரகத்தையும் மாற்றி நட்டார்கள்.

இதிலிருந்து பூச்சி எதிர்ப்பு பயனற்றது, வைரஸ் எதிர்ப்பே போதும் என்று முடிவு கட்டுபவர்கள் பருத்தியின் கதையையும் பார்க்க வேண்டும். கோயம்புத்தூரில் உருவான எல்.ஆர்.ஏ. 5166 என்ற பருத்தி, இலைச்சுருள் வைரஸை எதிர்க்கும் மூலமாகப் பாகிஸ்தானின் பயிர்ப்பெருக்கத்தில் பயன்பட்டது. 1990-களில் அந்நாட்டின் பருத்தியை மீட்ட இரகங்களில் அதன் பங்கு பெரிது. 2001-இல் பூரேவாலாப் பகுதியில் வைரஸின் புதிய வடிவம் ஒன்று தோன்றி அந்த எதிர்ப்பை உடைத்தது. அங்கே வெள்ளை ஈ எண்ணிக்கையில் குறையவே இல்லை. வைரஸ் கோடிக்கணக்கான ஈக்களில் ஏறி இறங்கும்போது மாறுவதற்கு அதற்கு வாய்ப்பும் அந்த அளவுக்குப் பெருகுகிறது.

பூச்சியை மட்டும் எதிர்த்தால் பூச்சி பழகிக்கொள்கிறது. வைரஸை மட்டும் எதிர்த்தால் வைரஸ் மாறிக்கொள்கிறது. வைரஸ் எதிர்ப்பை முதல் தூணாகவும், ஈயின் பெருக்கத்தை நடுத்தரமாகக் குறைக்கும் செடி இயல்பை இரண்டாம் தூணாகவும் கொள்ள வேண்டும் என்பது என் நிலை. நடுத்தரம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஈயை அடியோடு மறுக்கும் செடி, அதை உடைக்கும் ஈக்களுக்கே வாழ்வளித்துத் தெரிவு செய்யும். பாதியாகக் குறைக்கும் செடி குளவிக்கும் நேரம் தரும்.

8. கெடாவில் செய்யக்கூடியவை

நம் வட்டாரத்தின் நிலைமை ஆய்வுக்குப் பொருந்தி வருகிறது. வடக்கெல்லைக்கு அப்பால் தாய்லாந்தில் பாசிப்பயறில் மஞ்சள் தேமலும், சோயாவில் வெள்ளை ஈ பரப்பும் இலைமடிப்பு நோயும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பதிவாகியுள்ளன. தென்கோடியில் சிங்கப்பூரில் அஜெரேட்டம் என்ற களைச்செடியின் மஞ்சள் நரம்பு வைரஸ் 1990-களில் விவரிக்கப்பட்டது. அந்தக் களை நம் சாலையோரங்களிலும் நிறைந்திருக்கிறது. ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் மண்ணை மூடப் படரவிடும் புவேரேரியா, சென்ட்ரோசீமா, முக்குனா எல்லாமே அவரைக் குடும்பத்தவை. சோயாவின் ஈக்கும் வைரஸுக்கும் இவை ஆண்டு முழுதும் அடைக்கலம் தருமா என்பதை முதலில் பார்க்காமல் சோயா விதையை எந்தத் திட்டமும் விநியோகிக்கக் கூடாது.

பெரிய ஆய்வகம் இல்லாமலே தொடங்கலாம். தைவானிலுள்ள உலகக் காய்கறி மையத்தின் சோயாத் தொகுப்பு ஆசியாவின் பெருந்தொகுப்புகளில் ஒன்று. மேலே சொன்ன நாட்டு இரகங்கள் போன்றவற்றை அரசு ஆய்வு நிலையங்கள் முறைப்படி கேட்டுப் பெற முடியும். சோதனை வரிசைகளில் மஞ்சளுக்கு மதிப்பெண் இடும் அதே நாளில், அதே செடியில், முட்டையையும் குஞ்சையும் கைவில்லை கொண்டு எண்ண வேண்டும். முட்டையை மேல் இலையிலும், முற்றிய குஞ்சை நடு இலையிலும் எண்ணாவிட்டால் கணக்கு தவறும். பல இரகங்களை ஒன்றாக நட்டு ஈயைத் தெரிவு செய்ய விட்ட சோதனையோடு, ஒரே இரகத்தை வலைக்கூண்டுக்குள் வைத்து ஈக்கு வேறு வழியில்லாமல் செய்த சோதனையும் வேண்டும். வேறு உணவு இருக்கும்போது ஈ ஒதுக்கிய செடி, ஊர் முழுவதும் அதே செடியாகும்போது ஒதுக்கப்படும் என்பதற்கு உறுதியில்லை. இரகம் வெளியிடும் அறிவிப்பில் ‘வெள்ளை ஈயைத் தாங்கும்’ என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக, எந்த ஈப் பிரிவில், எந்த வைரஸுக்கு எதிராக, எந்த முறையில் அளந்தது என்பதையும் அச்சிட வேண்டும். விவசாயிக்கு இது புரியாது என்று சொல்பவர்கள் முடா விவசாயிகளை அறியாதவர்கள்.

வைரஸ் எதிர்ப்பைத் தனியே பிரித்துச் சோதிக்கும் ஒட்டு முறைக்கு வேண்டிய கைத்திறன் கெடாத் தோட்டங்களில் ஏற்கெனவே இருக்கிறது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ரப்பர் இரகங்களை நாற்றுமேடையில் ஆயிரக்கணக்கில் மொட்டு ஒட்டிய தமிழ்த் தொழிலாளர்களில் பலர் ஓய்வு பெற்று இப்போது சுங்கைப்பட்டாணி, பீடோங் வீடமைப்புப் பகுதிகளில் வாழ்கிறார்கள். சோயாவின் மெல்லிய தண்டில் ஆப்பு ஒட்டுக் கட்டுவது ரப்பரின் மொட்டு ஒட்டிலிருந்து மாறுபட்டதுதான். ஆனாலும் திசு வாடாமல் வெட்டுவதும் கட்டு இறுகாமல் பார்த்துக்கொள்வதும் அவர்களுக்குப் புதிதல்ல. இப்படிப்பட்ட சோதனைத் திடல் ஒன்றை மெர்போக் அருகே அமைத்தால் அதற்குப் பயிற்றுநர்களாக முதலில் அழைக்கப்பட வேண்டியவர்கள் அவர்கள். கூலியாட்களாக அல்ல, ஊதியமும் பெயரும் பெறும் தொழில்நுட்பர்களாக.